ஆறாவது ஷீட்

ஜூலை 3, திங்கள்

இன்று முதல் இந்த நாட்குறிப்பில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தாலும் மறைக்க மாட்டேன். பெரிய மனிதர்கள் எழுதிய நாட்குறிப்புகள் சிலவற்றை வாசித்திருக்கிறேன். பின்னால் யாராவது படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதியது போல இருக்கும். எனக்கு அந்தத் தொந்தரவு இல்லை. இங்கே படிக்கத் தெரிந்த ஆளே இல்லை.

என் பெயர் உலகேஸ்வரி. ஊர் தென்காசி. பத்தாம் வகுப்பில் எங்கள் பள்ளியில் முதலாவதாக வந்தேன். அப்படி வந்தவளைக் கொண்டுவந்து பெண்கள் பாலிடெக்னிக்கில் சேர்த்திருக்கிறார்கள். எனக்குப் பின்னால் மூன்றாவதாக வந்த ஹெப்சிபா பிளஸ் ஒன் போகிறாள், நீலப் பாவாடை போட்டுக்கொண்டு. எனக்குக் காக்கிக் கோட்டு. வாட்ச்மேன் போல இருக்கிறேன்.

இதெல்லாம் அப்பாவின் யோசனை. அப்பா அரசாங்க ஜீப் ஓட்டுகிறவர். எதையும் ரோடாகத்தான் பார்ப்பார். "மூணு வருஷம் டிப்ளமா. அப்புறம் நேரா பி.இ. ரெண்டாவது வருஷம். சுத்துவழிதான். ஆனா குண்டும் குழியும் கிடையாது" என்றார். நேர்வழியில் போன அண்ணன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்து, எண்ண முடியாத அரியர்களோடு திரும்பி வந்து, இப்போது செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டுகிறான். அவன் செய்ததற்கு நான் சுற்றிப்போக வேண்டும்.

பஸ் ஏற்றிவிடும்போது அப்பா கடைசியாகச் சொன்னது: "ஒரே ஒரு அரியர் விழுந்தாலும் பெட்டியக் கட்டிட்டு வந்துரணும். உங்க அண்ணன் கூட கடையில நின்னுக்கோ." அரியர் வைக்கிற ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்கிறார்.

ஜூலை 5, புதன்

ஹாஸ்டல் அறையில் என்னோடு இருப்பவள் சண்முகக்கனி. கோவில்பட்டிப் பக்கம். பிளஸ் ஒன்னில் பாதியில் நின்று, இரண்டு வருஷம் பஞ்சு மில்லில் வேலை பார்த்துவிட்டு, மறுபடி படிக்க வந்திருக்கிறாள். என்னைவிட மூத்தவள். "அக்கான்னு கூப்பிடு புள்ள" என்றாள். ஒரே வகுப்பில் படிக்கிறவர்களுக்குள் அக்கா தங்கை கிடையாது என்று தெளிவாகச் சொன்னேன்.

"சரிட்டி உலகு" என்று சொல்லிவிட்டு, என் கொடியில் அவள் துணியைக் காயப்போட்டாள்.

பிறகு என் பெட்டியைத் திறந்து புத்தகங்களைப் பார்த்தாள். "இம்புட்டையும் படிச்சிட்டியா?"

"ஆமா."

"பின்ன எதுக்கு இங்க வந்த?"

முட்டாள்தனமான கேள்வி. அதனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் உப்புமா. குளிக்கிற வாளிக்கு வரிசை.

ஜூலை 14, வெள்ளி

நூலகம் என்று ஓர் அறை இருக்கிறது. பீரோக்கள் பூட்டியிருக்கின்றன. சாவி வைத்திருப்பவர் என்னைப் பார்த்துவிட்டு, "யாரைத் தேடுற?" என்றார். புத்தகத்தை என்றேன். அவர் சாவியைத் தேடத் தொடங்கினார்.

சிவப்பு அட்டை போட்ட தடிமனான புத்தகம் ஒன்று கிடைத்தது. இன்ஜினியரிங் டிராயிங் பற்றியது. அமெரிக்காவில் அச்சானது. படங்கள் அத்தனை சுத்தம். எங்கள் வகுப்பில் விற்கிற மெல்லிய கைடை இதன் பக்கத்தில் வைத்தால் கைடுக்கே கூச்சமாக இருக்கும். எடுத்து வந்துவிட்டேன். கனி அதைத் தூக்கிப் பார்த்து, "தலைக்கு வச்சுப் படுத்தா கழுத்து வலிக்கும்" என்றாள். இதுதான் இங்கே நூல் விமர்சனம்.

ஆகஸ்ட் 2, புதன்

டிராயிங் வகுப்பு தொடங்கிவிட்டது. ரெஜினா மேடம் எடுக்கிறார். ஒல்லியானவர். குரலை உயர்த்துவதே இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. இந்த செமஸ்டரில் ஆறு ஷீட். ஆறிலும் அவர் கையெழுத்து இருந்தால்தான் இன்டர்னல் மார்க். இன்டர்னல் இல்லையென்றால் பரீட்சையில் எத்தனை வாங்கினாலும் அரியர்.

போர்டில் மாட்டிக் கோடு போடுகிற டிராஃப்டரை எல்லாரும் புதிதாக வைத்திருக்கிறார்கள். என்னுடையது அண்ணனுடையது. இரும்புக் கையில் 'சங்கர்' என்று ஆணியால் கீறி வைத்திருக்கிறான். அத்தனை அரியர் வைத்த டிராஃப்டரைத் தொட எனக்கு இஷ்டமே இல்லை. ஆனால் புதியவை எல்லாம் ஆடுகின்றன, இது ஆடவில்லை. பயன்படுத்தப்படாமலே இருந்திருக்கும்.

முதல் ஷீட்டை முடித்துவிட்டேன். மேடம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் இருந்தவளிடம் "இது கோடா, கோழி கிளறினதா?" என்று கேட்டார். ஒன்றும் சொல்லாததைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 19, சனி

ஜி.டி. என்றால் என்ன என்று இன்று பார்த்தேன்.

கிளாஸ் டிரேசிங்கைச் சுருக்கி ஜி.டி. என்கிறார்கள். பல வருஷமாக நடக்கிறதாம். மெஸ்ஸுக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூம். இரண்டு வாளியைக் கவிழ்த்து, மேலே ஒரு கண்ணாடி. அது ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டின் கண்ணாடிக் கதவு, இழுத்தால் கையோடு வந்துவிடும். கண்ணாடிக்கு அடியில் ஒரு டேபிள் லேம்ப். யாராவது உண்மையாக வரைந்த ஷீட்டைக் கண்ணாடிமேல் விரித்து, அதன்மேல் வெள்ளை ஷீட்டைப் போட்டால், கீழே இருக்கிற கோடெல்லாம் மேலே தெரியும். பென்சிலை ஓட்ட வேண்டியதுதான். மூளை தேவையில்லை. ஒருத்தி முடித்ததும் அடுத்தவள். கையில் வெள்ளை ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு, ரேஷன் கடை போல வரிசையில் நின்றார்கள்.

கண்ணாடி இல்லாததால் நோட்டீஸ் போர்டில் இருந்த காகிதங்கள் எல்லாம் தரையில் கிடந்தன. அதில் ஒன்று, 'ஒழுக்கமே உயர்வு தரும்.'

இதைவிடக் கேவலம், பிரேமலதா என்று ஒருத்தி. டிரேஸ் பண்ணிய வேகத்தில் மூலையில் இருந்த பெயரையும் சேர்த்து வரைந்துவிட்டாள். அது இரண்டாம் வருஷ மாணவி ஒருத்தியின் பெயர். "பேர மாத்திப் போடணும்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?" என்று அழுகிறாள். தன் பெயர் எது என்றே தெரியாமல் வரைகிறவள் நாளைக்குப் பாலம் கட்டப்போகிறாள்!

கனி என்னிடம், "நீ வரையலயா?" என்றாள். நான் கையால் வரைகிறவள் என்றேன்.

"நாங்க என்ன காலாலயா வரையுதோம்?"

வரிசையே சிரித்தது. நான் அறைக்கு வந்து, படிப்பு நேரம் முழுவதும் கைக்குட்டை துவைத்தேன்.

செப்டம்பர் 6, புதன்

மூன்றாவது ஷீட்டை முடித்தேன். கனி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அச்சடிச்ச மாதிரி இருக்குட்டி. ரெண்டாம் வருஷத்து அக்காமாரு ஷீட்டுல்லாம் இதுக்கு முன்னாடி வெறும் குப்பை" என்றாள்.

அவள் சொல்லி எனக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை.

ஷீட்டைக் கட்டிலின்மேல் விரித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். சுருட்டினால் மடிப்பு விழும், அதனால் விரித்து வைத்தேன். திரும்பி வந்தபோது அது கட்டிலில் இல்லை. சாப்பாட்டு நேரத்துக்குள் அதே இடத்தில் இருந்தது. யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. விசாரிப்பது என் வேலையும் அல்ல.

மெஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். என் தட்டில் இரண்டு அப்பளம். காரணம் தெரியவில்லை.

செப்டம்பர் 16, சனி

நான்காவது ஷீட் முடிந்தது. குளித்தேன். வெகுநேரம் குளித்தேன்.

செப்டம்பர் 22, வெள்ளி

ஐந்தாவதும் இப்படியே போயிற்று. மெஸ்ஸில் இப்போது என்னை "உலகம்மா ஷீட்டு போட்டாச்சா?" என்று கேட்கிறார்கள், ஊரில் சாமிக்குக் கொடை கொடுத்தாச்சா என்று கேட்பது போல. இதை நான் ரசிக்கவில்லை.

ஆறாவது ஷீட்தான் பெரியது. ஓர் இரும்புப் பொருளை முன்னாலிருந்து, மேலிருந்து, பக்கத்திலிருந்து பார்த்து மூன்று படம் வரைய வேண்டும். மேடம் விளக்கிக்கொண்டிருந்தபோது நான் டிராயிங் போர்டுக்கு அடியில் ஒரு நாவலை முடித்துக்கொண்டிருந்தேன். சிவப்புப் புத்தகத்தில் இந்தப் பாடத்தை ஏற்கெனவே படித்துவிட்டேன். கரும்பலகையைப் பார்க்க அவசியம் இல்லை. மற்றவர்களும் பார்க்கவில்லை. அவர்களுக்கு என் ஷீட் வரும் என்று தெரியும்.

வரைந்து முடித்ததும் கனி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "ஏட்டி உலகு, எடது பக்கம் பார்த்தத மேடம் வலது பக்கம்லா போட்டாவ? நீ எடது பக்கமே போட்டுருக்க."

"இடது பக்கம் பார்த்ததை எதுக்கு வலது பக்கம் போடணும்? கொஞ்சமாவது யோசிச்சுப் பார்." சிவப்புப் புத்தகத்தைத் திறந்து படத்தைக் காட்டினேன்.

"புக்குல இருந்தா சரியாத்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டாள். மில்லில் இருந்து வந்தவளுக்கு விளக்குவது கஷ்டம்.

குளிக்கப் போனேன்.

அக்டோபர் 9, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ரெஜினா மேடம் வகுப்புக்குள் வந்து, எங்கள் ஆறாவது ஷீட்டுகளைச் சுவர் நீளத்துக்குக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். வண்ணான் துறை போல இருந்தது. ஒரு ஷீட் விடாமல் எல்லாவற்றிலும் இடப்பக்கப் படம் இடப்பக்கமே இருந்தது.

"நம்ம நாட்டு முறையில இடப்பக்கம் பார்த்தது வலப்பக்கம் வரும். இதை நான் வகுப்பு முழுக்கச் சொன்னேன். ஒருத்தி மாத்திப் போட்டா மறதி. மொத்த கிளாஸும் மாத்திப் போட்டா அது என்ன?"

மின்விசிறியில் ஷீட்டுகள் ஆடின.

"ஒரிஜினலா வரைஞ்சவ எழுந்திரு. நீ தப்பாத்தான் வரைஞ்சிருக்க, ஆனா வரைஞ்சிருக்க. உனக்கு மார்க் உண்டு. மத்த எல்லாருக்கும் இன்டர்னல் பூஜ்யம்."

என் காதில் அப்பாவின் ஜீப் சத்தம் கேட்டது. எழ வேண்டியதுதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் வரைந்தேன், மற்றவர்கள் வரையவில்லை. நான் கட்டிலில் வைத்தேன், அவர்கள் எடுத்தார்கள். புத்தியுள்ள யாரும் எழுந்திருப்பார்கள்.

எல்லாருக்கும் அது யாருடைய ஷீட் என்று தெரியும். ஒருத்திகூட என் பக்கம் திரும்பவில்லை. பிரேமலதா தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கனி, சடை நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தாள். போன வாரம் அவள் சொன்னது: "ஒரு அரியர்னா போதும், எங்கம்மா என்னய மில்லு வேன்ல ஏத்திருவா."

நான் எழவில்லை. கால் மரத்துப்போயிருந்தது. அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

"சரி" என்றார் மேடம். "அப்ப யாருமே வரையல. ஒண்ணாவது ஷீட்ல இருந்து ஆறு வரைக்கும் எல்லாரும் திரும்ப வரைங்க. ஆயுத பூஜை லீவுக்கு முன்னாடி, இருபதாம் தேதி மத்தியானம் நான் மார்க்கை ஏத்தணும். அதுக்குள்ள ஆறும் என் மேஜைக்கு வரணும். வராதவளுக்கு அரியர்." பிறகு ஷீட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, குறுக்கே சிவப்புக் கோடு போட்டார். என்னுடையதிலும் போட்டார்.

அக்டோபர் 10, செவ்வாய்

மேடம் என்னை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். மேஜையில் என் ஷீட்.

"கண்ணாடியில வரைஞ்ச ஷீட்ல அழிச்ச தடம் இருக்காது. நேரா கடைசிக் கோடுதான் போடுவாங்க. எல்லாத்துலயும் பார்த்தேன். இது ஒண்ணுலதான் மெல்லிசா கோடு போட்டு அழிச்சிருக்கு." ஷீட்டை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். "நேத்து ஏன் எழுந்திரிக்கல?"

"கால் மரத்துப்போச்சு மேடம்."

"ரெண்டு காலுமா?"

நான் என் ஷீட்டின் குறுக்கே இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தேன்.

"இப்பவும் சொல்லு. உன் ஷீட்டுக்குக் கையெழுத்து போட்டுடறேன்."

"ஆறாவது ஷீட் தப்புதானே மேடம்" என்றேன். பிறகு, ஒரு நியாயத்துக்காக, சிவப்புப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றும் சொன்னேன்.

"இருக்கும். அது அந்த நாட்டு முறை. அங்க அதுதான் சரி. அன்னைக்கு கிளாஸ்ல இதையும் சொன்னேன். நீ போர்டுக்கு அடியில கதைப் புத்தகம் வச்சிருந்த." சற்று நிறுத்தி, "முடிவு நல்லாருந்துதா?" என்றார்.

"சுமார் மேடம்."

"போய் வரை."

அறைக்கு வந்ததும் கனி, "என்னட்டி சொன்னாவ?" என்றாள். என் கோடுகள் நன்றாக இருப்பதாகச் சொன்னார் என்றேன். அது பொய் அல்ல.

அக்டோபர் 12, வியாழன்

மெஸ் மேஜைகளை ஒன்றாக இழுத்துப்போட்டு, காலையிலும் மாலையிலும் எல்லாரும் வரைகிறார்கள். சாம்பார் கறைமேல் செய்தித்தாள் விரித்திருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவர்களும் கடைசி பஸ் வரைக்கும் இருந்துவிட்டுப் போகிறார்கள். வீட்டிலிருந்து முறுக்கு கொண்டுவருகிறார்கள், எண்ணெய்க் கையோடு ஷீட்டைத் தொடுகிறார்கள்.

இவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பென்சிலைச் சீவத் தெரியவில்லை. கோடு போடும்போது பென்சிலை மெல்ல உருட்ட வேண்டும் என்று தெரியவில்லை. பார்க்கச் சகிக்காததால் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பிரேமலதாவிடம் ஒரே விஷயத்தை நான்கு தடவை சொன்னேன். ஐந்தாவது தடவை அவளே சரியாகப் போட்டுவிட்டு, "ஐ!" என்று கத்தினாள். பெரிய சாதனை! நானும் சிரித்தேன், அவள் முகத்தைப் பார்த்து யாராலும் சிரிக்காமல் இருக்க முடியாது.

இடப்பக்கம் பார்த்ததை ஏன் வலப்பக்கம் போட வேண்டும் என்பதை ஒரு சோப்பு டப்பாவை வைத்துக் கண்டுபிடித்தேன். டப்பாவை இடப்பக்கமிருந்து பார்க்கிறோம். பார்த்தது டப்பாவைத் தாண்டி அந்தப் பக்கச் சுவரில் விழுகிறது என்று வைத்துக்கொண்டால் போதும். எல்லாருக்கும் டப்பாவைக் காட்டி விளக்கினேன்.

"அத அன்னைக்கே நான் சொன்னம்லா?" என்றாள் கனி.

"காரணம் சொன்னியா?"

"இல்ல."

"பிறகு?"

"பிறகு ஒண்ணுமில்ல தாயி. முறுக்க எடு."

அக்டோபர் 15, ஞாயிறு

அண்ணன் வந்திருந்தான். விசிட்டர் ஹாலில் பெஞ்சு நுனியில் உட்கார்ந்து, என் போனுக்குப் புதுக் கண்ணாடி ஒட்டிக் கொடுத்தான். காற்றுக் குமிழ் ஒன்றுகூட இல்லை. அதில் மட்டும் அவனுக்குக் கவனம் இருக்கிறது.

டிராஃப்டர் எப்படி இருக்கிறது என்றான். ஆடவில்லை என்றேன். "ஆடாது. திருகைக் கழட்டி நானே சரி பண்ணினேன். மொத வருஷம் டிராயிங்ல நான்தான் ஃபர்ஸ்ட்" என்றான். இதை வீட்டில் யாரும் சொன்னதில்லை.

"அப்புறம் எப்படி அத்தனை அரியர்?" என்று கேட்டேன். இப்படிக் கேட்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

அவன் ஒட்டுத்தாளைச் சின்னதாக மடித்துக்கொண்டே இருந்தான். "அத்தனையும் ஒரேயடியா வரலட்டி. மொதல்ல ஒண்ணுதான் வந்துது. காய்ச்சல்ல கிடந்தேன், ஒரு ரெக்கார்ட் நோட்டு கொடுக்கல. ரூம்ல நாலு பேரு இருந்தானுவ. யாராவது எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தா முடிஞ்சிருக்கும். அவனவனுக்கு அவனவன் ரெக்கார்ட். அந்த ஒண்ணுக்கு அப்பா பேசாம இருந்தார் பாரு, அதுக்கப்புறம் கிளாஸுக்குப் போகவே பிடிக்கல."

சாக்குச் சொல்வதில் அவன் பழைய ஆள். பஸ் வரைக்கும் போய் ஏற்றிவிட்டேன், எப்படியும் எனக்கு அழிரப்பர் வாங்க வேண்டியிருந்தது.

அக்டோபர் 17, செவ்வாய்

என் ஆறு ஷீட்டும் முடிந்தது. மேடம் ஆறிலும் கையெழுத்துப் போட்டார். அநேகமாக எல்லாரும் கொடுத்துவிட்டார்கள். நான் தப்பித்தேன்.

ஒர்க் ஷாப்பில் பூஜைக்காகச் சுத்தம் செய்கிறார்கள். அரம், சுத்தியல், ரம்பம் எல்லாவற்றையும் எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும். கனி ஹேக்ஸா பிளேடைத் துணியால் துடைக்கும்போது, பேச்சு சுவாரசியத்தில் தலைகீழாக இழுத்துவிட்டாள். வலது கட்டைவிரலில் ஆழமான வெட்டு. தையல் போட்டு, விரலைக் கொழுக்கட்டை போலக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

அவளுக்கு ஆறாவது ஷீட் ஒன்றுதான் பாக்கி.

மேடத்திடம் போய்ச் சொல்லலாம் என்றேன். "மொத்த கிளாஸுமா சேந்து ஏமாத்துன கூட்டம் நாம. இப்ப கட்டப் போட்டுக்கிட்டுப் போய் நின்னா நம்புவாவளா?" என்றாள். அப்படியும் போய்ச் சொன்னேன். மேடம் மதுரைக்குப் பேப்பர் திருத்தப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை காலைதான் வருகிறார். வந்ததும் மார்க் ஏற்றுவார்.

கனி இடது கையால் பென்சில் பிடித்துப் பார்த்தாள். கோழி கிளறினதைவிட மோசம். அவளே அதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு முகம் கழுவப் போனவள் திரும்பி வர நேரமாயிற்று.

அக்டோபர் 18, புதன்

கனி பெட்டியில் துணியை மடித்து வைக்கிறாள். லீவுக்கு ஊருக்குப் போவதற்கு இத்தனை துணி எதற்கு என்று கேட்டேன். "சும்மாத்தான்" என்றாள். தலையணை உறையையும் கழற்றி வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 19, வியாழன்

மத்தியானம் எல்லாருடைய டிராஃப்டர், காம்பஸ், ஸ்கேல், போர்டு எல்லாவற்றையும் வாங்கிப் பூஜை அறையில் அடுக்கிவிட்டார்கள். இனி நாளை பூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. அண்ணனின் டிராஃப்டரையும் கொடுத்தேன். 'சங்கர்' என்ற எழுத்தின்மேலேயே சந்தனம் வைத்தார்கள்.

ஆக, ஒழுங்காகப் புது ஷீட் வரைய யாரிடமும் கருவி இல்லை. இதை முதலில் குறித்துக்கொள்கிறேன்.

மாலைப் படிப்பு நேரத்தில் வார்டன் பூக்கட்டப் போய்விட்டார். நோட்டீஸ் போர்டின் கண்ணாடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கப் போனேன். பொருந்தவில்லை. கையோடு வந்துவிட்டது. அதை ஸ்டோர் ரூமுக்கு எடுத்துக்கொண்டு போனேன். வாளிகள் அங்கேயேதான் இருந்தன. கனியை வரச் சொன்னேன்.

அவள் வந்து, கண்ணாடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீயா?"

"லேம்பைப் பிடி" என்றேன்.

மேலே எழுதியதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள முடியாதபடி விளக்கிவிடுகிறேன். ஜி.டி. என்பது அடுத்தவர் வரைந்ததை வரைவது. கண்ணாடியின்மேல் நான் விரித்தது என் ஆறாவது ஷீட், கையெழுத்துப் போட்டுத் திரும்ப வந்தது. நான் வரைந்ததை நானே வரைந்தால் அது ஜி.டி. ஆகாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இது அவர்கள் சொல்வது போலச் சுலபமான வேலையும் அல்ல. கீழேயிருந்து வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. குனிந்து குனிந்து முதுகு போகிறது. ஸ்கேல் இல்லாததால் நோட்டு அட்டையின் விளிம்பை வைத்துத்தான் கோடு போட வேண்டும். அதோடு கனி போடுகிற மாதிரி கோடு போட வேண்டும், முடிகிற இடத்தில் கொஞ்சம் தடித்து. நன்றாக வரைவதைவிட அது கஷ்டம். முதலில் மெல்லிய கோடுகள் போட்டு, அழித்து, தடம் தெரியும்படி விட்டேன். மேடத்துக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிற பழக்கம் இருக்கிறது.

"மாட்டுனா உனக்கும் போயிரும்லா?" என்றாள் கனி. "கையெழுத்து வாங்கினவ நீ. உங்கப்பா ஜீப்ப எடுத்துட்டு வந்துருவாரு."

"லேம்பை ஆட்டாதீங்க."

"ஏட்டி, நெசமாத்தான் கேக்கேன். எதுக்கு இது?"

"ஆட்டாதீங்கக்கா, கோடு ரெண்டாத் தெரியுது."

லேம்ப் ஆடுவது நின்றது. "இப்ப என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஸ்டோர் ரூமில் மிளகாய் மூட்டை இருக்கிறது, அதுவாக இருக்கும். எனக்கும் கண் எரிந்தது.

முன்படம், மேல்படம், வலப்பக்கத்தில் இடப்பக்கப் படம். அளவுகள், அம்புக்குறிகள். எல்லாம் முடிந்து மூலைக் கட்டத்துக்கு வந்து, அதே வேகத்தில் பெயரையும் எழுதிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால், கனியின் ஷீட்டில், அழகான பெரிய எழுத்தில், உலகேஸ்வரி.

கனி குனிந்து பார்த்தாள். சத்தம் வெளியே போய்விடக் கூடாதே என்று கட்டுப் போட்ட விரலை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, வாளியில் முட்டி, தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "பிரேமலதாட்ட சொல்லாம இருக்கதுக்கு எனக்கு என்ன தருவ?"

எதுவும் தர முடியாது என்றேன். அழிரப்பரை எடுத்து என் பெயரை அழித்தேன். தடம் கொஞ்சம் இருக்கிறது. அதன்மேல் அவள் தன் பெயரை இடது கையால், நாக்கைக் கடித்துக்கொண்டு, தானே எழுதினாள். கோணலாகத்தான் வந்தது. அது அவளுடைய பெயர், எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.

வெளியே வார்டனின் செருப்புச் சத்தம் கேட்டது. கண்ணாடிக்கு அடியில் இருந்த விளக்கை அணைத்துவிட்டோம். சத்தம் தாண்டிப் போனதும் கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிட்டு அறைக்கு வந்தோம், கனி பெட்டியிலிருந்து தலையணை உறையை எடுத்துப் போடுகிறாள்.